கட்டுமரத்தின் பழுது

மலையில் ரெசின் சீக்கிரம் இறுகாது. நாகப்பட்டினம் கரையில் சித்திரை வெயிலில் கேட்டலிஸ்ட் ஊற்றிக் கலக்கினால் கால் மணி நேரத்தில் டப்பாவிலேயே கட்டியாகிவிடும். இங்கே ஏற்காட்டு மலையில், தலைச்சோலையில், மார்கழிக் காலையில் அதே அளவு ஊற்றிவிட்டு, டீ குடித்து, ஊர்க்கதை பேசிவிட்டு வந்து தொட்டாலும் விரலில் ஒட்டும். 15 டிகிரிக்குக் கீழே குளிர்ந்துவிட்டால் பாலியெஸ்டர் ரெசினை நம்பி வேலையைத் தொடங்கக்கூடாது. போதாததற்கு மூடுபனி. கண்ணாடி இழை மேட்டில் ஈரம் ஏறினால் ரெசின் அதைப் பிடிக்காது. வெளுத்துப்போய், அடுக்கடுக்காகப் பிரிந்து வரும். அதனால் பனி விலகி வெயில் கொட்டகைக்குள் வரும்வரை மேட் சுருளைப் பாலித்தீன் பையிலிருந்து எடுப்பதே இல்லை.

எஸ்டேட் தண்ணீர்த் தொட்டி, கூரைத் தகடு, படகு என்று மலையில் ஃபைபர் வேலைக்குக் குறைவில்லை. ஏற்காட்டு ஏரியில் சுற்றும் மிதிபடகுகள்கூட ஃபைபர்தான். ஆனால் என் கைக்கு இந்த வேலை வந்தது கடற்கரையிலிருந்து, கட்டுமரத்தின் வழியாக. படகு செய்தவர்களைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். பழுது பார்த்தவர்களைப் பற்றி அவ்வளவாக இல்லை. அந்தக் குறைதான் என்னை எழுத வைக்கிறது.

எங்கள் அப்பா கட்டுமரம் வைத்திருந்தார். லேசான மரம், பெரும்பாலும் கேரளப் பக்கத்து மலைகளில் வெட்டியது. செதுக்கிய கட்டைகளைப் பக்கம் பக்கமாக வைத்து, முன்னும் பின்னும் குறுக்குக் கட்டை கொடுத்து, கயிற்றால் இறுக்கிக் கட்டுவார்கள். ஆணி கிடையாது. கடலிலிருந்து வந்ததும் கயிற்றை அவிழ்த்து, கட்டைகளை ஒவ்வொன்றாகத் தோளில் தூக்கி வந்து மணலில் காயப்போடுவார்கள். ஈரம் குடித்த கட்டை கனக்கும். காய்ந்தால்தான் மறுநாள் மிதக்கும். அப்படி அவிழ்க்கும்போதே எல்லாப் பழுதும் கண்ணுக்குத் தெரிந்துவிடும். எந்தக் கட்டையில் புழு துளைத்திருக்கிறது, எது வெடித்திருக்கிறது, எந்தக் கயிறு தேய்ந்திருக்கிறது என்று பார்த்து, கெட்ட கட்டையை மட்டும் மாற்றுவார்கள். மற்றவை அப்படியே இருக்கும். பழுது பார்ப்பதற்கென்று தனி ஆள் தேவைப்படவில்லை. இந்த மலையிலிருந்து அதிக தூரமில்லாத ஒகேனக்கல்லிலும் இதே முறைதான்: மூங்கில் பின்னி அந்தக் காலத்தில் தோலும், பிறகு பிளாஸ்டிக் தாளும் தாரும் போர்த்திய பரிசலை ஓட்டுபவரே ஒட்டுப்போட்டுக்கொள்வார்.

கட்டுமரங்களை வெள்ளைக்காரர்கள் வியந்து எழுதியிருக்கிறார்கள். வில்லியம் டாம்பியர் 1697-இல் வெளியிட்ட பயணநூலில் சோழமண்டலக் கரையின் கட்டுமரம் இடம்பெற்றது. மதராஸில் துறைமுகம் கட்டப்படாத காலத்தில், அலைக்கு அப்பால் நங்கூரமிட்ட கப்பல்களுக்குக் கடிதம் கொண்டுபோனவர்கள் கட்டுமரக்காரர்கள். பாயில் பின்னிய கூம்புத் தொப்பிக்குள் நனையாமல் கடிதத்தை வைத்துக்கொண்டு அலையைத் தாண்டுவார்கள். மதராஸ் மீன்வளத் துறையில் இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் 1920-இல் இந்தியப் படகு வடிவங்களைப் பற்றி ஆய்வே எழுதினார்.

நான் முக்கியமாக நினைப்பது அந்தக் கட்டின் நெகிழ்வை. அலை அடிக்கும்போது கட்டைகள் ஒன்றோடொன்று சற்றே அசையும், கயிறு கொஞ்சம் கொடுக்கும், விசை எங்கும் தேங்காது. அமெரிக்காவில் நத்தானியேல் ஹெர்ஷாஃப் 1876-இல் இரண்டு உடல் கொண்ட ‘அமரில்லிஸ்’ என்ற பாய்ப்படகைக் கட்டியபோது, இரண்டு உடலும் தனித்தனியே அசையும்படி மூட்டு வைத்தார். விறைப்பாகக் கட்டினால் உடையும் என்பது அவருக்கும் தெரிந்திருந்தது.

ஃபைபரோ விறைப்பானது. கண்ணாடி இழையையும் பாலியெஸ்டர் ரெசினையும் சேர்த்து ரே கிரீன் என்பவர் 1942-இல் அமெரிக்காவில் முதல் படகைச் செய்தார். நம் கரைக்கு அது வர இன்னும் சில பத்தாண்டுகள் ஆயின. 1979-இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கிய, ஐ.நா. உணவு வேளாண் நிறுவனத்தின் வங்காள விரிகுடாத் திட்டம், மணலில் நேரே ஏறும் புதுப் படகுகளைச் சோதித்துப் பார்த்தது. நல்ல கட்டை கிடைப்பது அரிதாகி, விலையும் ஏறிக்கொண்டே போனது. பிறகு கட்டுமரத்தின் வடிவத்திலேயே ஃபைபர் உடல் வந்தது. உள்ளே தெர்மாகோல் அடைத்து மேலே மூடியது. மூழ்காது, காயப்போட வேண்டாம், அவிழ்க்க வேண்டாம். இஞ்சினும் சேர்ந்துகொண்டதும் பாய் போயிற்று. கொண்டல் எப்போது திரும்பும், வாடை எப்போது விழும் என்று பார்த்துப் பாய் விரித்த தலைமுறையோடு அந்த அறிவும் ஒதுங்கியது. அதை இழப்பென்றே சொல்வேன்.

அவிழ்க்க வேண்டாம் என்பதுதான் புதுச் சிக்கல். பழுது இப்போது உள்ளே ஒளிந்திருக்கிறது. மணலில் இழுத்து இழுத்து அடிப்பக்கத்து ஜெல்கோட் என்ற மேல்பூச்சு தேயும். இழை வெளியே தெரிந்தால் அதன் வழியே தண்ணீர் ஏறும், தெர்மாகோல் மெல்ல ஊறும். படகுக்காரர் “இப்பல்லாம் கனக்குதுண்ணே” என்று மட்டும் சொல்வார். நான் நாணயத்தால் தட்டிக்கொண்டே போவேன். நல்ல இடத்தில் கணீரென்று ஒலிக்கும். அடுக்கு பிரிந்த இடத்தில் பொத்தென்று சத்தம் செத்துவிடும். அந்த எல்லையைச் சாக்பீஸால் வட்டமிடுவேன். கண்ணுக்குத் தெரியும் வெடிப்பைவிட வட்டம் எப்போதும் பெரிதாகத்தான் வரும்.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் கரை முழுக்க இப்படி வட்டமிட்ட உடல்கள். வீட்டுச் சுவரில் மோதியவை, ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கிடந்தவை. தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பான சிஃப்ஸ் அங்கே படகுகளையும் இஞ்சின்களையும் பழுது பார்க்கும் வேலையை எடுத்துச் செய்தது. புதுப் படகுக்கு நன்கொடை குவிந்த அந்த நாட்களில் பழைய படகைத் திருப்பித் தந்த வேலைக்குப் பெரிய புகழ் கிடைக்கவில்லை. சீக்கிரம் கடலுக்குப் போனவர்களில் பலர் அப்படித் திரும்பக் கிடைத்த படகில்தான் போனார்கள். நான் தொழில் கற்றதும் அந்தக் காலத்தில்தான். அவசரத்தில் முளைத்த பட்டறைகள் செய்த புதுப் படகுகளில், ரெசின் இறங்காத காய்ந்த மேட்டைப் பின்னாளில் அறுத்துப் பார்த்து நொந்திருக்கிறேன்.

கற்றது இதுதான். ஓட்டையை ஒட்டி அடைக்கக்கூடாது. கெட்டதை முழுதாக வெட்டி எடுத்து, ஓரத்தைக் கிரைண்டரால் சரிவாகத் தேய்க்க வேண்டும். கனத்தைப்போல் பன்னிரண்டு மடங்கு நீளத்துக்கு. 6 மில்லிமீட்டர் உடல் என்றால் சுற்றிலும் 7 சென்டிமீட்டர் சரிவு. ரெசின் காய்ந்த பழைய ரெசினோடு கலப்பதில்லை, அதன் முகத்தைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கும். அதனால் பிடிக்கும் பரப்பு அகலமாக இருக்க வேண்டும். வெளிப்பக்கம் மெழுகு தடவிய சன்மைக்கா தகட்டை அழுத்தி வைத்து, ஜெல்கோட் பூசி, மேட் ஒன்று, நெய்த இழைத்துணியான ரோவிங் ஒன்று என்று உள்ளிருந்து அடுக்குவோம். ஒவ்வொரு அடுக்கையும் ரோலரால் உருட்டிக் காற்றை வெளியேற்ற வேண்டும். வெள்ளைப் புள்ளி தெரிந்தால் அங்கே காற்று நிற்கிறது என்று பொருள். மேட் ஒரு கிலோ என்றால் ரெசின் இரண்டரைக் கிலோ. கேட்டலிஸ்ட் நூற்றுக்கு ஒன்றிலிருந்து இரண்டு. இறுகலைத் தூண்டும் கோபால்ட்டை முதலில் ரெசினில் கலந்துவிட வேண்டும். அதையும் கேட்டலிஸ்ட்டையும் நேரடியாகச் சேர்த்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். புதுப் பையன்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

விளிம்பு மடியும் மூலைதான் அதிகம் வெடிக்கும். கயிறு வாங்கிக்கொண்ட விசையை இப்போது அந்த மூலைதான் வாங்குகிறது. அதே கனத்தில் ஒட்டினால் மறுபடி அதே இடத்தில் வெடிக்கும். மூலையை உருட்டையாக்கி, உள்ளே இரண்டு அடுக்கு அதிகம் கொடுத்து, சுற்றிலும் கனத்தைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டு போக வேண்டும். தெர்மாகோல் ஊறியிருந்தால் மேல்தளத்தை அறுத்து அதை வெளியே எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை. அடியில் துளை போட்டு வடித்தால் போதும் என்பார்கள். வடியும் தண்ணீர் கொஞ்சம். ஊறியது உள்ளேயே நிற்கும்.

கெட்டுப்போன கட்டை அடுப்புக்கு விறகாகும், கொட்டகைக்குக் காலாகும். கெட்ட ஃபைபர் உடலை எரித்தால் நச்சுப்புகை, புதைத்தால் மட்காது. ஆகவே எத்தனை வருடம் ஓட்ட முடியுமோ அத்தனை வருடம் ஓட்டுவதுதான் அதற்குச் செய்யக்கூடிய நியாயம். அதற்கு இடைஞ்சல் ஒன்று உண்டு: எந்த உடலில் எத்தனை அடுக்கு, எந்த மேட் என்று எங்கும் எழுதியிருப்பதில்லை, அறுத்துப் பார்த்துத்தான் எண்ண வேண்டும். நான் முடிக்கும் ஒவ்வொரு பழுதிலும் உள்பக்கத்தில், கடைசி ரெசின் பூச்சுக்கு முன்னால், பென்சிலால் எழுதிவைக்கிறேன்: 450 மேட் மூன்று, ரோவிங் இரண்டு, மாதம், வருடம். மேலே பூசும் ரெசின் எழுத்தைக் காத்துக்கொள்ளும், அடுத்து கிரைண்டரோடு வருகிறவருக்கு வாசிக்கக் கிடைக்கும்.