மாடு ஏன் வண்டியில் ஏற மறுக்கிறது?

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாட்டுப் பண்ணை வைத்திருக்கும் என் பழைய மாணவர் ஒருவர் போன வாரம் போன் செய்தார். "சார், மாட்டை வண்டியில ஏத்துறதுக்குள்ள உயிர் போகுது. பலகை போட்டாலும் ஏறமாட்டேங்குது" என்றார். எனக்கு எங்கள் வீட்டுச் செவலைக் காளை ஞாபகம் வந்துவிட்டது. நான் ஆறாம் வகுப்பு படிக்கும்போது, இருவர் மூக்கணாங்கயிற்றை இழுக்க, ஒருவர் வாலை முறுக்க, பலகையில் வழுக்கிக் காலை ஒடித்துக்கொண்டது. அப்பா அன்று சாப்பிடவே இல்லை.

இது பழைய தொல்லைதான். 1867இல் அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலத்து அபிலீன் என்ற சிற்றூரில், ஜோசப் மெக்காய் என்ற வியாபாரி ரயில் பாதையோரம் பெரிய பட்டிகள் கட்டினார். டெக்சாஸிலிருந்து பல நூறு மைல் நடந்து வந்த மாடுகள் அங்கிருந்து ரயிலேறின. கழியால் குத்தி ஏற்றிய ஆட்களுக்குக் 'கௌபஞ்சர்' என்றே பெயர். தண்ணீர்கூட இல்லாமல் நாள்கணக்கில் மாடுகள் பெட்டியில் கிடந்ததால், 28 மணி நேரத்துக்கு மேல் இறக்காமல் கொண்டுபோகக் கூடாது என்று 1873இல் சட்டம் வந்தது. குத்தி ஏற்றும் பழக்கம் மட்டும் போகவில்லை.

பிறகு வந்தவர் டெம்பிள் கிராண்டின். 1947இல் பிறந்தவர். ஆட்டிசம் உள்ளவர், மூன்று வயது தாண்டியும் பேச்சு வரவில்லை. பள்ளியில் அவருக்குக் கைகொடுத்தவர் கார்லாக் என்ற அறிவியல் ஆசிரியர் (ஆசிரியர் பெயரை நான் விட்டுவிடுவேனா!). 1970களின் தொடக்கத்தில் அரிசோனாவில், மாடுகள் போகும் ஒடுக்கமான வழிக்குள் கிராண்டின் தானே இறங்கி, மாட்டின் கண் உயரத்தில் படம் எடுத்தார். தொங்கும் சங்கிலி, தரையில் விழும் நிழல், தேங்கிய தண்ணீரின் மினுக்கம், வேலியில் போட்ட சட்டை: இவற்றைப் பார்த்துத்தான் மாடு நின்றது. இருட்டுக்குள் போக அதற்குப் பயம். வந்த வழியே திரும்பப் பார்க்கும் குணமும் உண்டு. அதனால் வளைந்த பாதை, வெளிப்பக்கம் தெரியாத அடைப்புச் சுவர், வழுக்காத தரை என்று அமைத்தார். ஏற்றுமேட்டின் சாய்வு 20 டிகிரியைத் தாண்டக்கூடாது என்றார். சிமெண்டில் கட்டினால் சுமார் 10 செ.மீ. உயரம், 30 செ.மீ. அகலத்தில் படிகள்.

நம் நாட்டிலும் 1978ஆம் ஆண்டு விதிகள் இருக்கின்றன. சாதாரண லாரியில் ஆறு மாடுகளுக்கு மேல் கூடாது, தரையில் தென்னைநார்ப் பாயோ பலகையோ வேண்டும். சாலையில் பார்ப்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

மாணவரிடம் கேட்டேன், "வண்டித் தளம் எவ்வளவு உயரம்?"

"மூணு அடி சார்."

"பலகை?"

"அஞ்சு அடி."

கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 37 டிகிரி! 20 டிகிரிக்கு ஒன்பது அடியாவது வேண்டும். மண் அணைத்து மேடு கட்டச் சொன்னேன். நேற்று வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினார். மேடு நன்றாகவே இருக்கிறது. ஆனால் வண்டி ஓரத்தில் நீலத் தார்ப்பாய் ஒன்று காற்றில் படபடத்துக்கொண்டிருந்தது. முதலில் அதைக் கழற்றப்பா என்று எழுதினேன். மாடு ஏறியதா என்று இன்னும் பதில் வரவில்லை.