கித்துல்கலையிற் காணாத பாலம்

கொழும்பிலிருந்து அற்றனுக்குச் செல்லும் பெருந்தெருவிற் கித்துல்கலை உள்ளது. அங்கே வழிகாட்டுவோர், ஒற்றையடிப் பாதையால் நேயர்களைக் களனி கங்கைக் கரைக்கு அழைத்துச் சென்று, கொங்கிறீற்று அடித்தளங்களைக் காட்டுவர். டேவிட் லீன் இயக்கி 1957இல் வெளிவந்த 'குவாய் ஆற்றுப் பாலம்' படத்துக்காகக் கட்டி, படத்துக்காகவே வெடிவைத்துத் தகர்த்த மரப்பாலத்தின் எச்சம் அது.

கதை நிகழ்ந்த இடமோ சயாம். 1942, 1943ஆம் ஆண்டுகளில் ஜப்பானியர் அங்கிருந்து பர்மாவுக்கு ஏறத்தாழ 415 கிலோமீற்றர் இருப்புப்பாதை அமைத்தனர். படம் காட்டுவது வெள்ளைக்காரக் கைதிகளையே. யாழ்ப்பாணத்திலும் சரவணை முதலிய தீவூர்களிலும் மலாயாப் புகைவண்டி உத்தியோகம் என்றால் ஓய்வூதியந்தான் நினைவுக்கு வரும். அதே மலாயாவின் றப்பர்த் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவர் இப்பாதையில் வாந்திபேதிக்கும் பசிக்கும் இரையாயினர். மாண்ட கைதிகளுக்குக் காஞ்சனபுரியிற் பெயர் பொறித்த கல்லறைகள் உண்டு. அத்தமிழருட் பெரும்பாலோர்க்குப் பெயர்ப்பட்டியல்தானும் இல்லை.