உப்பு உருகுவதில்லை, சர்க்கரை உருகுகிறது, ஏன்? பொருள்களின் குணத்தைத் தீர்மானிக்கும் வேதிப் பிணைப்பு

சமையலறையில் இருக்கும் இரண்டு வெள்ளைப் பொருள்களை எடுத்துக்கொள்வோம். ஒன்று உப்பு, மற்றொன்று சர்க்கரை. பார்வைக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். இரண்டும் தண்ணீரில் எளிதாகக் கரையும். ஆனால் காய்ந்த வாணலியில் போட்டு அடுப்பைப் பற்ற வைத்தால் வேறுபாடு தெரிந்துவிடும். சர்க்கரை சில நிமிடங்களில் இளகிப் பழுப்பு நிறப் பாகாகிறது. உப்போ எவ்வளவு நேரம் வைத்திருந்தாலும் உப்பாகவே இருக்கிறது. அது உருக 801 டிகிரி செல்சியஸ் வெப்பம் தேவை. அந்த வெப்பத்துக்கு நம் வீட்டு வாணலி சூடாவதில்லை.

இன்னொரு வேறுபாடும் உண்டு. உப்பு கரைந்த தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். சர்க்கரை கரைந்த தண்ணீர் அப்படிக் கடத்தாது.

இவற்றுக்கெல்லாம் காரணம், அந்தப் பொருள்களில் என்னென்ன அணுக்கள் உள்ளன என்பது மட்டுமல்ல. அந்த அணுக்கள் ஒன்றையொன்று எப்படிப் பிடித்துக்கொண்டிருக்கின்றன என்பதே முக்கியம். இந்தப் பிடிப்பைத்தான் வேதிப் பிணைப்பு என்கிறோம். பள்ளி முதல் கல்லூரி வரை நம் பிள்ளைகள் இதைப் படிக்கிறார்கள். பெரும்பாலும் அட்டவணையாக மனப்பாடம் செய்து தேர்வு முடிந்ததும் மறந்துவிடுகிறார்கள். புரிந்துகொண்டு படித்தால் இது பாடமாக மட்டும் நின்றுவிடாது; வீட்டில் உயிரைக் காக்கும் அறிவாகவும் உதவும்.

பிணைப்பு என்றால் என்ன?

அணுவின் நடுவில் நேர்மின்சுமை கொண்ட கரு இருக்கிறது. அதைச் சுற்றி எதிர்மின்சுமை கொண்ட எலக்ட்ரான்கள் இருக்கின்றன. ஓர் அணு மற்றோர் அணுவோடு சேரும்போது வெளிக்கூட்டில் உள்ள எலக்ட்ரான்களே வேலை செய்கின்றன. சில அணுக்கள் எலக்ட்ரானைக் கொடுத்துவிடும், சில வாங்கிக்கொள்ளும், சில பகிர்ந்துகொள்ளும்.

1916ஆம் ஆண்டில் ஜெர்மனியின் வால்தர் கோசல், எலக்ட்ரானைக் கொடுத்து வாங்குவதால் உண்டாகும் பிணைப்பை விளக்கினார். அதே ஆண்டில் அமெரிக்காவின் கில்பர்ட் லூயிஸ், இரண்டு அணுக்கள் ஓர் இணை எலக்ட்ரான்களைப் பகிர்ந்துகொள்ளும் பிணைப்பை விளக்கினார். பிணைப்பின் தன்மையை ஆராய்ந்து சிக்கலான பொருள்களின் அமைப்பைத் தெளிவுபடுத்தியதற்காக லைனஸ் பாலிங் 1954இல் வேதியியலுக்கான நோபல் பரிசைப் பெற்றார்.

கொடுத்து வாங்கும் பிணைப்பு: உப்பு

சோடியம் கத்தியால் வெட்டக்கூடிய மென்மையான உலோகம். தண்ணீரில் போட்டால் சீறித் தீப்பிடிக்கும். குளோரின் மூச்சை அடைக்கும் நச்சு வாயு. இவை இரண்டும் சேர்ந்தால் நாம் சோற்றில் போடும் உப்பு கிடைக்கிறது. சோடியம் ஓர் எலக்ட்ரானைக் கொடுத்து நேர் அயனியாகிறது. குளோரின் அதை வாங்கி எதிர் அயனியாகிறது. எதிரெதிர் மின்சுமைகள் ஒன்றையொன்று இழுக்கின்றன. இதுவே அயனிப் பிணைப்பு.

உப்புக் கல்லில் தனித்தனி மூலக்கூறுகள் கிடையாது. ஒவ்வொரு சோடியம் அயனியையும் சுற்றி ஆறு குளோரைடு அயனிகள், ஒவ்வொரு குளோரைடு அயனியையும் சுற்றி ஆறு சோடியம் அயனிகள் என்று முழுக் கல்லும் ஒரே கட்டுக்கோப்பாக நிற்கிறது. இந்த அமைப்பிலிருந்தே உப்பின் குணங்கள் அனைத்தும் வருகின்றன. எல்லாத் திசையிலும் வலுவான இழுப்பு இருப்பதால் உருகுநிலை அதிகம். திண்மமாக இருக்கும்போது அயனிகள் இடம்பெயர முடியாததால் மின்சாரம் பாயாது; கரைந்தாலோ உருகினாலோ அயனிகள் விடுபட்டு நகர்வதால் பாயும். சுத்தியலால் தட்டினால் ஓர் அடுக்கு சற்று நகர்ந்து, ஒரே மின்சுமை கொண்ட அயனிகள் நேருக்கு நேர் வந்துவிடும். அவை ஒன்றையொன்று தள்ளுவதால் கல் வளையாமல் உடைகிறது.

மின்சுமை கூடினால் இழுப்பும் கூடும். மெக்னீசியம் ஆக்சைடில் அயனிகளின் மின்சுமை இரட்டிப்பாக இருக்கிறது. எனவே அதன் உருகுநிலை 2,800 டிகிரிக்கும் மேல். உலைகளின் உட்சுவரில் அதைப் பயன்படுத்துவது இதனால்தான்.

பொதுச் சொத்தாகும் எலக்ட்ரான்கள்: உலோகம்

தங்கம், செம்பு, இரும்பு போன்ற உலோகங்களில் வெளிக்கூட்டு எலக்ட்ரான்கள் எந்த ஓர் அணுவுக்கும் சொந்தமாக இருப்பதில்லை. அவை உலோகம் முழுவதும் உலவுகின்றன. கம்பியின் இரு முனைகளை மின்கலத்தோடு இணைத்தால் அவை ஒரு திசையில் நகரும், அதுவே மின்சாரம்.

தட்டினால் உப்பு உடைகிறது, உலோகம் வளைகிறது. உலோகத்தில் ஓர் அடுக்கு நகர்ந்தாலும் உலவும் எலக்ட்ரான்கள் அதைத் தொடர்ந்து பிடித்துக்கொள்வதே காரணம். ஒரு கிராம் தங்கத்தை ஏறக்குறைய 2 கிலோமீட்டர் நீளமுள்ள மெல்லிய கம்பியாக இழுக்க முடிவதும் இதனால்தான்.

எல்லா உலோகங்களிலும் இந்தப் பிடிப்பு ஒரே அளவில் இல்லை. பாதரசம் மைனஸ் 39 டிகிரியிலேயே உருகிவிடுவதால் அறை வெப்பத்தில் திரவமாக இருக்கிறது. குண்டு பல்பின் இழையான டங்ஸ்டன் உருக 3,422 டிகிரி வேண்டும்.

பகிர்ந்துகொள்ளும் பிணைப்பு: இரு வேறு உலகங்கள்

எலக்ட்ரான்களைப் பகிர்வதால் உண்டாவது சகப்பிணைப்பு. இதில் இரண்டு வகைப் பொருள்கள் உள்ளன. ஒன்றில், சில அணுக்கள் மட்டும் சேர்ந்து சிறு மூலக்கூறாகின்றன. தண்ணீர், சர்க்கரை, கார்பன் டைஆக்சைடு ஆகியவை இந்த வகை. மற்றொன்றில், பிணைப்பு முடிவில்லாமல் தொடர்ந்து முழுப் பொருளும் ஒரே வலையாகிவிடுகிறது. மணலின் முக்கியப் பொருளான சிலிக்கான் டைஆக்சைடு இந்த வகை.

கார்பனும் சிலிக்கானும் தனிம அட்டவணையில் ஒரே தொகுதியைச் சேர்ந்தவை. இரண்டின் ஆக்சைடுகளிலும் ஓர் அணுவுக்கு இரண்டு ஆக்சிஜன். ஆனால் கார்பன் டைஆக்சைடு நாம் வெளிவிடும் வாயு. மைனஸ் 78 டிகிரிக்குக் குளிர்வித்தால்தான் உலர்பனியாகும். மணலை உருக்கவோ ஏறக்குறைய 1,700 டிகிரி தேவை.

வைரமும் பென்சிலில் உள்ள கிராஃபைட்டும் இன்னும் வியப்பானவை. இரண்டுமே முழுக்க முழுக்கக் கார்பன். வைரத்தில் ஒவ்வொரு கார்பனும் நான்கு கார்பன்களோடு நாற்புறமும் பிணைந்திருக்கிறது; அதனால் அது கடினமானது, மின்சாரத்தைக் கடத்தாது. கிராஃபைட்டில் ஒவ்வொரு கார்பனும் மூன்று கார்பன்களோடு மட்டும் பிணைந்து தட்டையான அடுக்குகளாகிறது. மீதமுள்ள எலக்ட்ரான்கள் அடுக்கின் மீது உலவுவதால் மின்சாரம் பாய்கிறது.

கிராஃபைட் அடுக்குக்குள் கார்பன்களின் இடைவெளி 0.142 நானோமீட்டர். வைரத்தில் அது 0.154. அதாவது, அடுக்குக்குள் இருக்கும் பிணைப்பு வைரத்தின் பிணைப்பைவிட நெருக்கமானது, வலுவானது. பிறகு ஏன் கிராஃபைட் மென்மையாக இருக்கிறது? ஓர் அடுக்குக்கும் அடுத்த அடுக்குக்கும் இடைவெளி 0.335 நானோமீட்டர், அங்கே வலுவற்ற ஈர்ப்பு மட்டுமே உள்ளது. நாம் எழுதும்போது அடுக்குகள் நழுவித் தாளில் ஒட்டிக்கொள்கின்றன. அணுக்களின் பிணைப்பு அறுபடுவதில்லை.

பலரும் தடுமாறும் இடம்

“சகப்பிணைப்பு வலுவற்றது, அதனால்தான் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கிறது” என்று பல மாணவர்கள் எழுதுகிறார்கள். இது சரியல்ல. தண்ணீர் கொதிக்கும்போது ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் பிரிவதில்லை. பாத்திரத்தின் மூடியில் படியும் ஆவி மீண்டும் தண்ணீராகவே சொட்டுகிறது. ஒரு மூலக்கூறு பக்கத்து மூலக்கூறை விட்டு விலகுகிறது, அவ்வளவுதான்.

ஒரு மோல் தண்ணீரைக் கொதிநிலையில் ஆவியாக்க ஏறக்குறைய 41 கிலோஜூல் ஆற்றல் போதும். ஆக்சிஜனுக்கும் ஹைட்ரஜனுக்கும் இடையிலான பிணைப்பு ஒன்றை மட்டும் அறுக்கவே மோலுக்கு 460 கிலோஜூல் அளவு வேண்டும். உள்ளே இருப்பது இரும்புப் பிடி. வெளியே இருப்பது கைகோப்பு. கொதிக்கும்போது விடுபடுவது கைகோப்பு மட்டுமே. சர்க்கரை இளகுவதும் இப்படித்தான். தொடர்ந்து சூடாக்கினால் மூலக்கூறே சிதைந்து நிறம் மாறி, கடைசியில் கரியாகிறது. அப்போதுதான் உள்ளிருக்கும் பிணைப்புகள் அறுபடுகின்றன.

தண்ணீரின் தனிக் குணம்

மூலக்கூறுகளுக்கு இடையிலான இந்தக் கைகோப்பும் பல வகைப்படும். எல்லா மூலக்கூறுகளுக்கும் பொதுவானது வாண்டர்வால்ஸ் விசை. ஆக்சிஜன், நைட்ரஜன், புளூரின் ஆகியவற்றோடு இணைந்த ஹைட்ரஜன் பக்கத்து மூலக்கூறையும் இழுப்பது ஹைட்ரஜன் பிணைப்பு. அழுகிய முட்டை நாற்றம் தரும் ஹைட்ரஜன் சல்பைடு, தண்ணீரைவிடக் கனமான மூலக்கூறு. ஆனால் ஹைட்ரஜன் பிணைப்பு அதில் மிகக் குறைவு என்பதால் மைனஸ் 60 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. இந்தப் பிணைப்பு இல்லையென்றால் பூமியில் தண்ணீர் வாயுவாக மட்டுமே இருந்திருக்கும்.

உறையும்போது இதே பிணைப்பு மூலக்கூறுகளை இடைவெளி விட்டு நிறுத்துகிறது. அதனால் பனிக்கட்டியின் கன அளவு ஏறக்குறைய 9 சதவீதம் கூடுகிறது. அது மிதக்கிறது, குளிர்நாட்டு ஏரிகள் மேலிருந்து உறைகின்றன, அடியில் மீன்கள் உயிர்வாழ்கின்றன. ஃப்ரீசரில் முழுக்க நிரப்பி வைத்த கண்ணாடி பாட்டில் வெடிப்பதும் இதனால்தான்.

வீட்டில் இது எப்படி உதவும்?

முதலாவது, சமையல் எரிவாயு. அதில் பெரும்பங்கு புரொப்பேனும் பியூட்டேனும். இவற்றின் மூலக்கூறுகளுக்கு இடையே வலுவற்ற வாண்டர்வால்ஸ் விசை மட்டுமே இருப்பதால் புரொப்பேன் மைனஸ் 42 டிகிரியிலும் பியூட்டேன் சுழியத்துக்குச் சற்றுக் கீழேயும் கொதித்துவிடும். சிலிண்டருக்குள் அழுத்தமே அதைத் திரவமாக வைத்திருக்கிறது. திரவமாகக் கசிந்தால் ஏறக்குறைய 250 மடங்கு கன அளவுள்ள வாயுவாக விரியும். காற்றைவிடக் கனமானது என்பதால் தரையோடு பரவும். வாடை வந்தால் ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னல்களைத் திறக்க வேண்டும். எந்த மின் சுவிட்சையும் போடவோ அணைக்கவோ கூடாது.

இரண்டாவது, எண்ணெயில் பிடிக்கும் தீ. தண்ணீர் மூலக்கூறுகள் தங்களுக்குள் கைகோத்துக்கொள்வதால் எண்ணெயோடு கலப்பதில்லை. எரியும் எண்ணெயில் தண்ணீரை ஊற்றினால் அது அடியில் இறங்கி, நொடியில் ஏறக்குறைய 1,700 மடங்கு கன அளவுள்ள நீராவியாகி, எரியும் எண்ணெயை நாலாபுறமும் வீசிவிடும். அடுப்பை அணைத்துவிட்டு, தட்டையான உலோக மூடியால் வாணலியை மூடுவதே சரி.

மூன்றாவது, ஈரக் கை. தூய நீர் மின்சாரத்தை மிகக் குறைவாகவே கடத்தும். ஆனால் குழாய் நீரிலும் வியர்வையிலும் உப்பின் அயனிகள் உள்ளன. ஈரக் கையால் சுவிட்சைத் தொடாதீர்கள் என்று பெரியவர்கள் சொல்வதன் வேதியியல் இதுதான்.

மாணவர்கள் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

ஒரு பொருளின் குணத்தை விளக்கச் சொன்னால் முதலில் இவற்றைக் கேட்டுப் பாருங்கள்.

1. இந்தப் பொருள் எவற்றால் ஆனது? அயனிகளா, மூலக்கூறுகளா, உலோக அணுக்களா, தொடர்ச்சியான வலையா?

2. உருகும்போதோ கொதிக்கும்போதோ எந்தப் பிடிப்பு விடுபடுகிறது? அணுக்களுக்கு இடையில் உள்ளதா, மூலக்கூறுகளுக்கு இடையில் உள்ளதா?

3. மின்சாரத்தைச் சுமந்து செல்ல, நகரக்கூடிய எலக்ட்ரானோ அயனியோ இருக்கிறதா?

இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தால், பாடப்புத்தகத்தில் இல்லாத பொருளைக் கேட்டாலும் அது எளிதில் உருகுமா, உடையுமா, மின்சாரத்தைக் கடத்துமா என்று பிள்ளைகள் தாங்களே பெரும்பாலும் கணித்துவிட முடியும். பெற்றோர் செய்யக்கூடிய உதவி ஒன்று உண்டு. “எத்தனை மதிப்பெண்?” என்று கேட்பதற்கு முன், “உப்பு ஏன் உருகவில்லை?” என்று அடுப்படியில் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.