ஓசியா, ஊர்ச் சொத்தா?



"உன் தொழிலைப் பற்றி எழுது, ஆனால் எங்களுக்கும் புரிகிற மாதிரி எழுது" என்பது மலர்க் குழுவினர் எனக்கு இட்ட கட்டளை. நான் மென்பொருள் எழுதும் பொறியாளன். பத்துப் பன்னிரண்டு வருடமாக என் வீட்டு அடுப்பு எரிவது ஜாங்கோ என்ற ஒரு சட்டகத்தால்தான். சட்டகம் என்றால் எங்கள் பாஷையில் ஃபிரேம்வொர்க். இதற்காக நான் யாருக்கும் பைசா கட்டியதில்லை. யாரும் கேட்டதும் இல்லை. இதைச் சொன்னால் நம் ஊரில் உடனே வருகிற கேள்வி, "அப்போ ஓசின்னு சொல்லுங்க!" என்பதுதான்.

ஓசி என்ற சொல்லே கம்பெனிக்காரன் காலத்தில் பிறந்தது என்பார்கள். கிழக்கிந்தியக் கம்பெனியின் கடிதங்களில் கம்பெனி வேலை என்பதற்கு அடையாளமாக 'ஓ.சி.' என்று முத்திரை இருக்குமாம். அதற்குத் தபால் கூலி கிடையாதாம். துட்டு கொடுக்காமல் வருவதெல்லாம் நமக்கு ஓசி ஆகிவிட்டது. ஆனால் துட்டு கொடுக்காமல் கிடைப்பது வேறு, ஊரே சேர்ந்து வைத்திருப்பது வேறு. இந்த வித்தியாசத்தை முத்துக்குளித்துறைக்காரர்களான நாம் மற்றவர்களைவிடச் சீக்கிரம் புரிந்துகொள்ள முடியும் என்பது என் எண்ணம். ஏனென்றால் நம் கரையின் சரித்திரத்திலேயே அதற்குச் சாட்சி இருக்கிறது.

முதல் சாட்சி அச்செழுத்து. 1578-ஆம் ஆண்டு அக்டோபர் 20-ஆம் நாள் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்ற சின்னஞ்சிறு புத்தகம் அச்சாயிற்று. மொத்தம் 16 பக்கம்தான். தமிழில் அச்சான நூல்களில் இன்று நம் கைக்குக் கிடைத்திருப்பவற்றுள் தமிழ் எழுத்தில் வந்த மூத்த நூல் அதுவே. அதைத் தமிழாக்கிய அண்டிரிக் அடிகளார் போர்த்துக்கீசியர். அரை நூற்றாண்டு நம் கரையில் வாழ்ந்தவர். அச்செழுத்து வார்க்கவும் அச்சடிக்கவும் ஆன செலவுக்குப் பொருள் கொடுத்தவர்கள் யார் தெரியுமா? இந்தக் கரையில் முத்துக்குளித்த பரதவ மக்கள்! கடலில் மூச்சடக்கிச் சம்பாதித்த பணம் தமிழ் எழுத்தாக மாறியது என்று சொன்னால் அது மிகையாகாது.

ஆனால் இதற்குப் பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். 1586-ல் 'அடியார் வரலாறு' அச்சானது. அதற்குப் பின் அந்தக் கைத்தொழிலை எடுத்து நடத்த ஆள் தொடரவில்லை. 1679-ல் கேரளத்து அம்பலக்காட்டில் தமிழ்–போர்த்துக்கீசிய அகராதி ஒன்றை அச்சிட்டபோது எழுத்துகளைப் புதிதாகச் செய்ய வேண்டியிருந்தது. தரங்கம்பாடி அச்சுக்கூடத்துக்கு 1713-ல் தமிழ் எழுத்து ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து கப்பலேறி வந்தது. ஒரு தலைமுறை கற்ற வேலை அடுத்த தலைமுறையின் கைக்கு மாறாவிட்டால், மறுபடியும் 'அ'விலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

இரண்டாவது சாட்சி நம் ஊர் வ.உ.சி. சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி 1906-ஆம் ஆண்டு அக்டோபர் 16-ல் பதிவாயிற்று. மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்றுக்கு 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். முதலில் பம்பாயின் ஷா லைன் கம்பெனியிடமிருந்து கப்பலை வாடகைக்கு எடுத்துத்தான் ஓட்டினார்கள். எதிராளியான பிரிட்டிஷ் கம்பெனி நெருக்கடி கொடுத்ததும் கப்பல் கொடுத்தவர்கள் கையை விரித்துவிட்டார்கள். வாடகைக் கப்பலை நம்பினால் இதுதான் கதி என்று உணர்ந்த வ.உ.சி., காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்களைக் கம்பெனிக்கே சொந்தமாக வாங்க வைத்தார். 1907-ல் அவை தூத்துக்குடி வந்து சேர்ந்தன.

அப்போது வெள்ளைக்காரக் கம்பெனி என்ன செய்தது? கட்டணத்தைக் குறைத்தது, மேலும் குறைத்தது, கடைசியில் பயணமே இலவசம், கையில் ஒரு குடையும் இலவசம் என்றது. இது நம் ஊர்ப் பிள்ளைகள் கேட்டு வளர்ந்த கதை. இப்போது யோசித்துப் பாருங்கள். குடையோடு கிடைத்த பயணம் ஓசி. 25 ரூபாய் போட்டு வாங்கிய பங்கு ஊர்ச் சொத்து. எது நமக்கு விடுதலை? துட்டு கேட்காதது எல்லாம் விடுதலை ஆகிவிடாது. 1908 மார்ச்சில் வ.உ.சி. கைதானார். கம்பெனி தள்ளாடி 1911-ல் கலைக்கப்பட்டது. சொந்தமாக வாங்கினால் மட்டும் போதாது, தொடர்ந்து தாங்கிப் பிடிக்கவும் ஆள் வேண்டும் என்பதுதான் அதில் எனக்குக் கிடைத்த பாடம்.

இனி என் தொழிலுக்கு வருகிறேன்.

ஒரு தோணி கட்டுவதாக வைத்துக்கொள்வோம். அடிமரம், விலாக்கட்டை, பாய்மரம் எல்லாம் எந்தத் தோணிக்கும் பொது. சரக்குக்குத் தக்கபடி உள்ளே அமைப்பதுதான் ஆளுக்கு ஆள் வேறு. இணையத்தில் இயங்கும் மென்பொருளும் அப்படியே. உப்பளத்துக் கணக்கானாலும், பள்ளிக்கூட வருகைப் பதிவானாலும், உள்ளே வருகிறவர் யார் என்று சோதிக்க வேண்டும். படிவத்தில் எழுதியது சரியா என்று பார்க்க வேண்டும். அதைத் தரவுத்தளத்தில் சேர்க்க வேண்டும். திரும்ப எடுத்துப் பக்கமாகக் காட்ட வேண்டும். இந்தப் பொது வேலைகளை ஒரு தடவை ஒழுங்காகச் செய்து எல்லோருக்கும் வைப்பதற்குப் பெயர்தான் சட்டகம்.

ஜாங்கோ பிறந்தது ஒரு பத்திரிகை ஆபீசில். அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் லாரன்ஸ் என்ற ஊரின் செய்தித்தாள் 'லாரன்ஸ் ஜர்னல் வேர்ல்ட்'. அங்கே வேலை பார்த்த ஏட்ரியன் ஹோலோவாட்டி, சைமன் வில்லிசன் என்ற இரண்டு இளைஞர்கள் 2003-ல் இதைத் தொடங்கினார்கள். செய்தி ஆபீசில் "நாளைக்குப் பார்க்கலாம்" என்ற பேச்சே கிடையாதல்லவா? வேகமாக வேலை முடிக்க இந்தச் சாதனம் வளர்ந்தது. 2005 ஜூலையில் பி.எஸ்.டி. உரிமத்தின் கீழ் அதை உலகத்துக்கே திறந்துவிட்டார்கள். யாரும் எடுக்கலாம், படிக்கலாம், மாற்றலாம், அதைக் கொண்டு தொழிலும் செய்யலாம். பெயர் கிதார் கலைஞர் ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் பெயர். 2008 ஜூனில் இதைப் பேணுவதற்கென்று ஓர் அறக்கட்டளை அமைந்தது; அந்தச் செப்டம்பரிலேயே 1.0 பதிப்பு வெளியாயிற்று.

எங்கோ கன்சாஸில் செய்ததில் தமிழ் எப்படி வந்தது என்று கேட்பீர்கள். அதற்கு ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மால்கம் டிரெடின்னிக் என்பவரை நாம் நினைக்க வேண்டும். ஆரம்ப கால ஜாங்கோவில் ஆங்கிலம் அல்லாத எழுத்துகளைக் கையாள்வது தலைவலி. உலக மொழிகள் எல்லாவற்றுக்கும் ஒரே குறிமுறையான யூனிகோடை ஜாங்கோ முழுவதும் ஓடும்படி மாற்றிய பெரும் பணியை முன்னின்று செய்தவர் அவர்தான். 2007 ஜூலையில் அது மூலத்தோடு இணைந்தது. நம் 'ழ'கரமும் 'ண'கரமும் சிதையாமல் உள்ளே போய் வெளியே வருவது இந்த உழைப்பின் பலன். அவர் இதைத் தமிழுக்கென்று செய்யவில்லை. எல்லோருக்கும் செய்தார், அதில் நாமும் இருந்தோம்.

நம் தமிழ்நாட்டிலும் இப்படி ஒருவர் இருந்தார். உதகமண்டலத்தில் வாழ்ந்த கென்னத் கொன்சால்வஸ். பைத்தான் மொழியையும் ஜாங்கோவையும் இந்தியாவில் பரப்பியவர்களில் முன்வரிசைக்காரர். சென்னை லினக்ஸ் பயனர் குழுவில் புதியவர்கள் கேட்ட கேள்விகளுக்கு வருடக்கணக்காகப் பதில் எழுதியவர். இந்தியப் பைத்தான் சங்கத்தைத் தோற்றுவித்தவர்களில் ஒருவர். 2009 செப்டம்பரில் பெங்களூரில் நடந்த முதல் 'பைகான் இந்தியா' மாநாட்டுக்குப் பின்னால் நின்ற கூட்டத்தில் அவரும் உண்டு. 1577-ல் கோவாவில் தமிழ் அச்செழுத்து வார்த்த சேசு சபைச் சகோதரர் பெயரும் கொன்சால்வஸ்தான்! தற்செயலான பெயர்ப் பொருத்தம்தான். ஆனாலும் எனக்கு அதில் ஒரு சந்தோஷம்.

கென்னத் 2012 ஆகஸ்டில் காலமானார். மால்கம் 2013 மார்ச்சில் காலமானார். இருவர் பெயரிலும் விருதுகள் ஏற்பட்டன. அவை எதற்குத் தரப்படுகின்றன என்று கவனியுங்கள். அதிக வரி நிரல் எழுதியவருக்கு அல்ல. புதியவர்களை வரவேற்றுக் கைதூக்கி விடுகிறவருக்கு மால்கம் நினைவுப் பரிசு; பைத்தான் சமூகத்தை அதே உணர்வோடு வளர்ப்பவருக்குக் கென்னத் விருது. இந்தச் சமூகம் தன் மூலதனம் எது என்று தெரிந்தே வைத்திருக்கிறது. பதில் சொல்லும் மனசுதான் அந்த மூலதனம்.

இது வெறும் நெகிழ்ச்சி இல்லை, தொழில் கணக்கு. நம் துறைமுகத்தை ஒட்டிச் சரக்கு அனுப்பும் ஏஜென்ட் அண்ணாச்சி ஒருவர். வெளியூர் நிறுவனம் ஒன்றிடம் காசு கொடுத்து வாங்கிய மென்பொருளில்தான் கன்டெய்னர் கணக்கெல்லாம் வைத்திருந்தார். அந்த நிறுவனம் ஒருநாள் மூடிக்கொண்டது. உரிமச் சாவியைப் புதுப்பிக்க ஆளில்லை. உள்ளே இருந்த கணக்கு வெளியே வரவில்லை. மூன்று வருடக் கணக்கைப் பையன்கள் பில் புத்தகத்தைப் பார்த்துத் திரும்ப அடித்தார்கள். அதற்குப் பிறகு நான் ஜாங்கோவில் செய்து கொடுத்தபோது அண்ணாச்சி கேட்டார்: "தம்பி, நாளைக்கு நீங்களும் கடையச் சாத்திட்டுப் போயிட்டா?"

"மூலம் முழுக்க உங்க கையிலதான் இருக்கு அண்ணாச்சி. ஜாங்கோ தெரிஞ்ச யார் வேணும்னாலும் தொடர்ந்து பார்க்கலாம்" என்றேன்.

"தெரிஞ்சவன் இந்த ஊர்ல இருக்கணும்லா?" என்றார்.

இந்தக் கேள்வியைத்தான் உங்கள் முன் வைக்கிறேன். மூலம் திறந்திருந்தாலும் வாசிக்கத் தெரிந்தவன் இல்லாவிட்டால் அது பூட்டிய பெட்டிதான். ஜாங்கோவின் புதிய பதிப்பு ஏறத்தாழ எட்டு மாதத்துக்கு ஒருமுறை வருகிறது. நீண்ட கால ஆதரவுப் பதிப்புக்கும் சுமார் மூன்று வருடம்தான் பாதுகாப்புத் திருத்தம். பராமரிக்காத மென்பொருள் நங்கூரமிட்டபடியே துருப்பிடிக்கும் கப்பல். ஆர்வலர்கள் மட்டும் இந்தச் சுமையைத் தாங்க முடியாது என்று கண்ட அறக்கட்டளை, 2014 முதல் நன்கொடைப் பணத்தில் சம்பளம் கொடுத்து ஆள் வைத்திருக்கிறது. வருகிற பிழைப் புகார்களைப் பார்ப்பது, மற்றவர்கள் அனுப்பும் திருத்தங்களைச் சரிபார்ப்பது, பதிப்பை வெளியிடுவது அவர்கள் வேலை. விளம்பரம் இல்லாத வேலை. ஆனால் அது நின்றால் எல்லாம் நின்றுவிடும்.

நம் கடலும் இதைச் சொல்லித் தந்திருக்கிறது. நூற்றாண்டுகளாக முத்தை எடுத்துக்கொண்டே இருந்தோம். பாரில் சிப்பி இருந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. 1961-ல் நடந்த முத்துக்குளிப்புதான் கடைசி. பின்னர் 1973-ல் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தார் தூத்துக்குடியில் சிப்பியில் கருவைப் பதித்து, வளர்ப்பு முத்தை உண்டாக்கிக் காட்டினார்கள். எடுக்கிறவன் வளர்க்கிறவன் ஆனான். கட்டற்ற மென்பொருளிலும் நாம் இன்னும் எடுக்கிறவர்களாகவே நிற்கிறோம். வளர்க்கிறவர்கள் ஆக வேண்டாமா?

தம்பி தங்கைகளே, இதற்குப் பெரிய மேதை ஆக வேண்டியதில்லை. ஜாங்கோவின் மொழிப் பட்டியலில் தமிழும் இருக்கிறது. பதிப்புக்குப் பதிப்பு புதிய வரிகள் சேரும், யாராவது உட்கார்ந்து தமிழாக்கத்தான் வேண்டும். விளக்கக் குறிப்பில் ஒரு வாக்கியம் புரியவில்லை என்றால் அதைத் திருத்தி அனுப்பலாம். என் முதல் பங்களிப்பு அப்படி ஒரே ஒரு வாக்கியம்தான். அதை ஏற்றுக்கொண்டவர் எந்த நாட்டுக்காரர் என்றுகூட எனக்குத் தெரியாது. நன்றி சொல்லி, அடுத்து என்ன செய்யலாம் என்றும் சொல்லிக் கொடுத்தார். ஆங்கிலம் தடை என்றால், 2012 முதல் வரும் 'கணியம்' இதழ் கட்டற்ற மென்பொருளை எளிய தமிழில் எழுதுகிறது. அங்கிருந்து ஆரம்பியுங்கள். நீங்கள் கற்றதை உங்கள் ஜூனியருக்குச் சொல்லிக் கொடுங்கள். அவன் கேட்கிற அற்பக் கேள்விக்கும் முகம் சுளிக்காமல் பதில் சொல்லுங்கள். கென்னத்தும் மால்கமும் செய்தது அதைத்தான்.

பழைய மாணவ நண்பர்களுக்கும் ஒரு விண்ணப்பம். மாதம் ஒரு சனிக்கிழமை, இரண்டு மணி நேரம், நம் கல்லூரிக் கணிப்பொறி ஆய்வகத்தில் வந்து உட்கார முடிகிறவர்கள் என்னிடம் பெயர் கொடுங்கள். நான் வருகிறேன். அந்த அண்ணாச்சி கேட்ட கேள்விக்கு "இருக்காங்க அண்ணாச்சி, நம்ம ஊர்லயே பத்துப் பேர் இருக்காங்க" என்று பதில் சொல்ல எனக்கு ஆசை.

வாழ்க நம் கல்லூரி! வளர்க நம் கூட்டுறவு!