சேம அச்சும் படுக்கைப் பலகையும்: சேலம், நாமக்கல் சமவெளியில் நடமாடும் வீடுகளின் வரலாறு

‘கேரவன்’ என்ற சொல்லைக் கேட்டதும் தமிழ் வாசகரின் நினைவுக்கு முதலில் வருவது படப்பிடிப்புத் தளத்தில் நடிகர்களுக்காக நிறுத்தப்பட்டிருக்கும் குளிர்சாதன வண்டியே. மேலை நாடுகளில் அச்சொல், சமையலறையும் படுக்கையும் கழிவறையும் உள்ளடங்கிய வண்டியில் குடும்பத்தோடு ஊர் ஊராகச் செல்லும் ஓய்வுக்காலப் பயணத்தைக் குறிக்கும். அத்தகைய பயணம் இங்கு இன்னும் அரிதே எனினும், சேலம், நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு ஆகிய ஊர்களை உள்ளடக்கிய வறண்ட சமவெளியில், வண்டியையே வீடாகக் கொண்டு மாதக்கணக்கில் வாழ்வது பல தலைமுறைகளாகத் தொடரும் பிழைப்பு முறையாகும். வண்டியின் ஒவ்வோர் அடி இடத்தையும் சரக்குக்கு விடுவதா, அதில் வாழும் மனிதனுக்கு விடுவதா என்பது இப்பிழைப்பில் ஈடுபட்ட எல்லாரும் எல்லாக் காலத்திலும் தீர்க்க வேண்டியிருந்த கணக்கு; அக்கணக்கு எவ்வாறு மாறி வந்தது என்பதே இவ்வட்டாரத்தின் போக்குவரத்து வரலாற்றில் அதிகம் பேசப்படாத பகுதி.

இக்கணக்கின் மிகப் பழைய சான்றுகள் சங்க இலக்கியத்தில் உள்ளன. கடற்கரை உப்பளங்களிலிருந்து உள்நாட்டுக்கு உப்பை ஏற்றிச் சென்று விற்ற வணிகர்கள் உமணர் எனப்பட்டனர். பெரும்பாணாற்றுப்படை அவர்களுடைய வண்டியை ஒரு குடியிருப்பாகவே காட்டுகிறது: கோழி அடையும் கூடு வண்டியிலேயே இருக்கிறது, சிறிய உரல் ஒன்று கட்டித் தொங்கவிடப்பட்டிருக்கிறது, புளித்த காடி வைத்த கலம் கயிற்றால் பிணிக்கப்பட்டிருக்கிறது, கைக்குழந்தையுடைய பெண் எருதுகளை ஓட்டிச் செல்கிறாள். புறநானூற்றின் 102ஆம் பாடலில், தகடூர் அதியமான் நெடுமான் அஞ்சியின் மகன் பொகுட்டெழினியைப் போற்றும் ஔவையார், உமணர் தம் வண்டியின் அடியில் கட்டி வைக்கும் ‘சேம அச்சு’ என்ற மாற்று அச்சினை உவமையாக்குகிறார். தகடூர் என்பது சேலத்துக்கு வடக்கே உள்ள இன்றைய தருமபுரி. மேடும் பள்ளமுமான வழியில் அச்சு முறிந்தால் உதவிக்கு ஆள் இல்லை என்பதால், விற்பதற்குரிய உப்பின் அளவைச் சற்றுக் குறைத்தேனும் மாற்று அச்சைச் சுமந்து செல்வதே அறிவுடைமை என்ற நெடுவழி இலக்கணம் அன்றே வகுக்கப்பட்டுவிட்டது. உமணர் வண்டி, பொறியின் தேவையையும் மனிதரின் தேவையையும் ஒருங்கே சுமந்தது என்பதும், குடும்பம் அதிலேயே இருந்தது என்பதும் இங்கு மனங்கொள்ளத்தக்கவை.

குடும்பத்தோடு நகரும் வணிகம் பிற்காலத்தில் பொதி மாடுகளின் வழியாகத் தொடர்ந்தது. லம்பாடிகள் அல்லது பிரிஞ்சாரிகள் எனப்பட்ட மக்கள், தானியத்தையும் உப்பையும் மாடுகளின் முதுகில் ஏற்றி, ‘தண்டா’ எனப்படும் கூட்டங்களாக, பெண்டு பிள்ளைகளுடன் தக்காணத்துக்கும் தமிழ்நிலத்துக்கும் இடையே நடந்தனர். 1791–92இல் திப்பு சுல்தானுக்கு எதிராகப் படை நடத்திய ஆங்கிலேயத் தலைமை ஆளுநர் கார்ன்வாலிஸ் தம் படையின் தானியத் தேவைக்கு இவர்களையே பெரிதும் நம்பியிருந்தார். அப்போரின் முடிவில், 1792இல் ஏற்பட்ட ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி சேலமும் அதன் வடக்கே உள்ள பாராமகால் பகுதியும் கிழக்கிந்தியக் கம்பெனியின் வசம் வந்தன. பொதி மாட்டுக்கு நல்ல சாலை வேண்டியதில்லை. ஆனால் மாலைதோறும் சுமையை இறக்கிக் காலைதோறும் ஏற்ற வேண்டும், மேய்ச்சலும் நீரும் உள்ள இடத்தில்தான் தங்க முடியும். சாலைகள் செப்பனிடப்பட்டதும் கட்டை வண்டி அதன் இடத்தைப் பிடித்தது. வண்டிக்காரர் மாடுகளை அவிழ்த்துவிட்டு வண்டியின் அடியிலேயே சாக்கை விரித்துப் படுக்கவும், மூன்று கல் கூட்டிச் சோறாக்கவும் இடம் தந்த பேட்டைகளும் சாவடிகளும் சாலையோரம் பெருகின.

1860களின் தொடக்கத்தில் சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரை நோக்கிச் சென்ற இருப்புப்பாதை சேலத்தையும் சங்ககிரியையும் தொட்டுச் சென்றது, நாமக்கல்லைத் தொடவில்லை. சேலத்திலிருந்து நாமக்கல் வழியாகக் கரூர் செல்லும் பாதை 2013இல்தான் திறக்கப்பட்டது. ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் ரயில் இல்லாதிருந்த நாமக்கல், காசியையும் கன்னியாகுமரியையும் இணைத்த பழைய ஏழாம் எண் தேசிய நெடுஞ்சாலையின் மேல் அமைந்திருந்ததால், சாலையையே தன் இருப்புப்பாதையாகக் கொண்டது. மழை குறைந்து கிணற்றுப் பாசனமும் தளர்ந்த நிலத்தில், உழவுக் குடும்பங்கள் நிலத்தின் பேரில் கடன் பெற்றும் உறவினரோடு பங்கு சேர்ந்தும் லாரி வாங்கின. ஓட்டுநராகவும் கிளீனராகவும் தொடங்கியவர்களே நாளடைவில் உரிமையாளரான வழக்கம் இத்தொழிலுக்கு ஊர் முழுவதும் வேர் பிடிக்க உதவியது. 1963இல் தொடங்கிய சங்ககிரி சிமெண்ட் ஆலையும், சேலத்தின் ஜவ்வரிசியும், நாமக்கல்லின் கோழிமுட்டையும் நிலையான சரக்கைத் தந்தன. பின்னர்ச் சமையல் எரிவாயுவை மொத்தமாக ஏற்றும் டேங்கர் லாரிகளின் உரிமையாளர் சங்கமும் நாமக்கல்லையே தலைமையிடமாகக் கொண்டது.

இந்த லாரிகள் ஆலையிலிருந்து முழு வண்டிகளாக வரவில்லை. பொறியும் சக்கரமும் பொருத்திய வெற்று அடிச்சட்டமே, அதாவது ‘சேஸிஸ்’ மட்டுமே, விற்கப்பட்டது. அதன்மேல் ஓட்டுநர் அறையும் சரக்குத் தொட்டியும் அமைப்பதை ‘பாடி கட்டுதல்’ என்பர். தச்சரும் கொல்லரும் வெல்டரும் பெயிண்டரும் ஒரே கொட்டகையில் கூடிச் செய்யும் இவ்வேலைக்கு நாமக்கல் நாடறிந்த ஊராயிற்று. வீடு கட்டும் மேஸ்திரியிடம் பேசுவதைப் போலவே பாடி கட்டுபவரிடம் உரிமையாளர் பேசி முடிவெடுத்தார்: ஓட்டுநர் அறையை அரை அடி நீட்டினால் படுக்க வசதி, ஆனால் சரக்குத் தொட்டி அரை அடி குறையும், கூரையின் மேல் அடைப்பு வைத்தால் தார்ப்பாயும் கயிறும் போட இடம், ஆனால் எடை கூடும். வாடகை டன் கணக்கில் பேசப்பட்ட தொழிலில் இப்பேரம் பெரும்பாலும் சரக்கின் பக்கமே சாய்ந்தது இயல்பு.

அவ்வாறு உருவான அறை ஏறக்குறைய ஒரு கட்டிலின் நீளமே உடையது. ஓட்டுநர் இருக்கையின் பின்னால், அறையின் அகலம் முழுவதும் ஓடும் ஒரு பலகை. அதன்மேல் மெல்லிய மெத்தை, சுருட்டிய போர்வை. பலகையின் அடியில் ஜாக்கியும் ஸ்பேனர்களும், அவற்றோடு ஒரு பையில் அரிசியும் பருப்பும் மிளகாய்த்தூளும். முகப்புக் கண்ணாடியின் மேலே குலதெய்வத்தின் படமும் வாடிய மாலையும். கதவோரம் தண்ணீர்க் கேன். வண்டி நின்றதும் அதன் நிழலில், காற்று வராத பக்கம் பார்த்து அடுப்பு பற்றவைக்கப்படும். கிளீனர் ஒரு கையால் தீயை மறைத்துக்கொண்டு மறு கையால் குழம்பைக் கிண்டுவார். வடமாநிலங்களில் ரொட்டியே கிடைக்கும் சாலைகளில் சோறு கிடைப்பது இந்த அடுப்பினால்தான்; உணவுச் செலவு பேட்டாவுக்குள், அதாவது ஓட்டுநருக்கு வழங்கப்படும் நாட்படிக்குள், அடங்குவதும் இதனால்தான். இதற்கு ஈடாக இழக்கப்படுவது இரண்டு மணி நேர உறக்கம். எரிவாயு டேங்கர் ஓட்டுநருக்கோ இந்தச் சலுகையும் இல்லை. வண்டியின் அருகில் தீ கூடாது என்பதால், நாடெங்கும் உள்ள அடுப்புகளுக்கு எரிவாயு கொண்டு செல்பவர் தம் வண்டியோரம் ஓர் அடுப்பு மூட்ட முடியாது.

உறங்கும் உரிமை சட்டத்தில் இடம்பெறச் சில காலம் பிடித்தது. 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என வேலை நேரத்துக்கு வரம்பிட்டு, நெடுந்தொலைவுப் பயணங்களுக்கு மட்டும் அதைச் சற்றுத் தளர்த்த இடமளித்தது. 1975இல் வந்த தேசிய பெர்மிட் முறை, ஒரே அனுமதியில் பல மாநிலங்களுக்குள் செல்ல வழி திறந்ததால், சில நாள் பயணங்கள் பல வாரப் பயணங்களாக நீண்டன. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 90ஆம் விதி, அத்தகைய கனரக லாரியில் குறைந்தது இரண்டு ஓட்டுநர்கள் இருக்க வேண்டும் எனவும், மாற்று ஓட்டுநர் காலை நீட்டி உறங்குவதற்கேற்ப ஓட்டுநர் இருக்கையின் பின்னே வண்டியின் முழு அகலத்துக்கும் இருக்கை அமைய வேண்டும் எனவும் கூறியது. வண்டிக்கு உலர்ந்த இலையின் பழுப்பு நிறம் பூச வேண்டும் என்று வகுத்த அதே விதியில்தான் இதுவும் இருந்தது. பாடி கட்டும் கொட்டகையில் பேரத்துக்கு உட்பட்டிருந்த பலகை, இவ்விதியால் வண்டியின் கட்டாய உறுப்பாயிற்று. எனினும் ஓட்டுநர் பற்றாக்குறையும் செலவும் காரணமாகக் காட்டப்பட்டு 2018இல் இரண்டாம் ஓட்டுநர் கட்டாயம் நீக்கப்பட்டது. பலகை இருந்தது, ஆனால் அதில் ஒருவர் உறங்கும்போது வண்டியை ஓட்ட மற்றொருவர் இல்லை. நின்ற வண்டிக்கும் தவணை கட்ட வேண்டிய தொழிலில், ஒற்றை ஓட்டுநரின் உறக்கம் நேரடியாக வண்டியின் வருமானத்தோடு மோதத் தொடங்கியது.

வண்டியை எங்கே நிறுத்துவது என்பது உறக்கத்தோடு பிறந்த மற்றொரு தொல்லை. இருட்டான இடத்தில் நிறுத்தினால் டீசலும் ஸ்டெப்னியும் திருடுபோகும். வெளிச்சமான சாலையோரத்தில் நிறுத்தினால் பின்னால் வரும் வண்டி மோதும். பெட்ரோல் பங்கில் நிறுத்த வேண்டுமானால் அங்கே எரிபொருள் நிரப்ப வேண்டும். இறக்குமிடத்தில் சரக்கை இறக்கிய பின், ஊர் திரும்ப ‘ரிட்டர்ன் லோடு’ கிடைக்கும் வரை நாட்கணக்கில் காத்திருக்கையில், குளிக்கவும் துவைக்கவும் ஒரு குழாயைத் தேடுவதே அன்றாட வேலையாகும். மாநில எல்லைகளில் வணிக வரிச் சோதனைச் சாவடிகளின் முன் மணிக்கணக்கில் நிற்கும் நிலை, 2017 ஜூலை 1இல் சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தபின் பெரிதும் நீங்கியது. மிச்சமான அந்நேரம் ஓட்டுநரின் ஓய்வுக்குச் சேராமல் அடுத்த டிரிப்புக்கே சென்றது.

இவையனைத்திலும் கனமான விலை குடும்பத்தைப் பிரிந்திருந்ததே. உமணர் வண்டியிலும் லம்பாடித் தண்டாவிலும் இருந்த பெண்ணும் குழந்தையும் லாரியில் இல்லை. வண்டி வீடாயிற்று, ஆனால் வீட்டார் ஊரிலேயே தங்கினர். 1990களில் எச்.ஐ.வி. தொற்று மிகுதியாகக் கண்டறியப்பட்ட பகுதிகளுள் நாமக்கல் வட்டாரமும் ஒன்றாக இருந்ததும், தடுப்புப் பணிகள் லாரித் தொழிலாளரை நாடிச் சென்றதும், மாதக்கணக்கான பிரிவு உடலிலும் மனத்திலும் விளைத்த தீங்கின் வெளிப்பாடாகவே புரிந்துகொள்ளப்பட வேண்டும். தனிமனிதரின் ஒழுக்கத்தைப் பழிப்பது அவ்வேதனையின் காரணத்தை மறைப்பதாகும்.

லாரியினும் முழுமையான நடமாடும் குடியிருப்பு திருச்செங்கோட்டு ரிக் வண்டியாகும். ரிக் என்பது ஆழ்துளைக் கிணறு தோண்டும் பொறி. அழுத்தப்பட்ட காற்றின் விசையால் துளையின் அடியிலேயே சுத்தியலை இயக்கிப் பாறையை உடைக்கும் முறை, 1966–67ஆம் ஆண்டுப் பீகார் வறட்சியையொட்டி யுனிசெஃப் அமைப்பு கொண்டுவந்த பொறிகளால் இந்தியாவின் கடும்பாறை நிலங்களில் பரவத் தொடங்கியது. தாமே பாறை நிலத்தில் கிணறு வெட்டி நொந்த திருச்செங்கோட்டுப் பகுதியினர் இத்தொழிலை ஏற்று, மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ராஜஸ்தான் வரையும், பின்னர் ஆப்பிரிக்க நாடுகள் வரையும் கொண்டு சென்றனர். துளையிடும் கோபுரத்தை ஒரு லாரியும், குழாய்கள், டீசல், பாத்திரம், படுக்கை ஆகியவற்றை மற்றொரு லாரியும் சுமக்க, ஒரு குழு மாதக்கணக்கில் அவற்றோடு வாழ்கிறது. ரிக் அழைக்கப்படுவது தண்ணீர் இல்லாத இடத்துக்குத்தான். எனவே பாறைத் தூள் படிந்த உடலைக் கழுவவும், சோறாக்கவும், தோண்டும் கிணறு ஊறும் வரை அக்குழுவினர் பிறர் தரும் தண்ணீரையே நம்பியிருக்கின்றனர்.

ஓய்வுக்காகச் செய்யப்பட்ட பயணத்துடன் ஒப்பிட்டால் இவ்வாழ்வின் குறை எங்கே உள்ளது என்பது விளங்கும். 1885இல் வில்லியம் கார்டன் ஸ்டேபிள்ஸ் என்ற மருத்துவ எழுத்தாளர், ‘வாண்டரர்’ என்ற குதிரை வண்டி வீட்டில் இங்கிலாந்திலிருந்து ஸ்காட்லாந்து வரை சென்றபோது, வண்டியோட்டி ஒருவரும், முச்சக்கர மிதிவண்டியில் முன்னே சென்று வழி பார்க்கும் பணியாளர் ஒருவரும் உடன் சென்றனர். கேரளம் 2021இல் அறிவித்த கேரவன் சுற்றுலாக் கொள்கை, வண்டிகளோடு அவை நின்று தண்ணீரும் மின்சாரமும் பெற்றுக் கழிவை அகற்றுவதற்கான கேரவன் பூங்காக்களையும் சேர்த்தே திட்டமிட்டது. நடமாடும் வீட்டின் பாதி அதன் சக்கரங்களின் மேலும், மறுபாதி அது நிற்கும் இடத்திலும் உள்ளது என்பதைச் சுற்றுலாத் துறை தொடக்கத்திலேயே உணர்ந்திருந்தது. மாட்டு வண்டிக் காலத்துப் பேட்டையும் சாவடியும் அந்த மறுபாதியாகவே இருந்தன. லாரிக் காலம் சாலையை அகலமாக்கியதே தவிர, அவற்றுக்கு ஈடானவற்றைப் போதிய அளவில் கட்டவில்லை.

அண்மையில் நிலை மாறத் தொடங்கியுள்ளது. 2025 அக்டோபர் 1 முதல் தயாரிக்கப்படும் நடுத்தர, கனரக லாரிகளில் ஓட்டுநர் அறை குளிரூட்டப்பட்டிருக்க வேண்டும் என விதிக்கப்பட்டுள்ளது. பெட்ரோல் பங்குகளில் ‘நம் வீடு’ எனப் பொருள்படும் ‘அப்னா கர்’ என்ற பெயரில் படுக்கையும் குளியலறையும் தாமே சமைத்துக்கொள்ளும் இடமும் அமைக்கப்பட்டு வருகின்றன. சேம அச்சு இன்றைய லாரியில் ஸ்டெப்னியாகத் தொடர்கிறது. அதைச் சுமக்கும் எடைக்கு எந்த உரிமையாளரும் கணக்குப் பார்ப்பதில்லை, ஏனெனில் அது இல்லாமல் வண்டி ஊர் போய்ச் சேராது என்பதை அனைவரும் அறிவர். ஓட்டுநரின் உறக்கமும், அவர் குளிக்கும் தண்ணீரும், வண்டி அச்சமின்றி நிற்கும் இடமும் அதே கணக்கில், சரக்கு ஏற்றப்படுவதற்கு முன்பாகவே எழுதப்பட வேண்டிய இனங்களாகும்.