குழாயைத் திறப்பது யார்?

2022 நவம்பர் 1. அத்திப்பள்ளியில் காலையிலேயே மஞ்சள் சிவப்புக் கொடிகள் ஏறியிருந்தன. கன்னட ராஜ்யோத்சவம். ஜூஜூவாடி செக்போஸ்ட்டைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தால் கொடியும் இல்லை, ஸ்பீக்கரும் இல்லை. ஆனால் அதே நாளைத்தான் தமிழ்நாடு அரசு அந்த ஆண்டு ‘உள்ளாட்சி தினம்’ என்று அறிவித்திருந்தது. கிராமத்துக்குக் கிராம சபை இருப்பதுபோல நகரத்துத் தெருக்களுக்கும் ஒரு சபை வேண்டும் என்று, மாநிலம் முழுக்க அன்றுதான் முதல்முறையாகப் ‘பகுதி சபை’ கூட்டினார்கள்.

ஓசூரில் நான் குடியிருந்த பகுதியிலும் நடந்தது. ஒரு சாமியானா, கொஞ்சம் பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு மைக். தமிழில் ஆரம்பித்த பேச்சு இரண்டாவது ஆளிடம் தெலுங்குக்குப் போனது, மூன்றாவது ஆள் இடையில் கன்னடத்தைத் தொட்டுவிட்டு வந்தார். யாருக்கும் அது ஒரு விஷயமாகவே படவில்லை. சாக்கடை அடைப்புக்கு எந்த மொழியில் சொன்னாலும் நாற்றம் ஒன்றுதான்.

நானும் கை தூக்கினேன். எங்கள் தெருவில் தண்ணீர் வரும் நேரம் பற்றிக் கேட்க வேண்டும். பக்கத்தில் இருந்த பெரியவர் என் பக்கம் சாய்ந்து கேட்டார்: “தம்பி, உங்களுக்கு ஓட்டு எந்த வார்டு?”

“ஓட்டு ஊர்ல இருக்குங்க. இங்க வாடகைக்கு இருக்கேன். எட்டு வருஷமாச்சு.”

“அப்படிங்களா” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. ஆனால் தூக்கின கை தானாக இறங்கிவிட்டது.

அந்த ‘அப்படிங்களா’தான் என்னை ஓசூரின் உள்ளாட்சி வரலாற்றுக்குள் இழுத்துக்கொண்டு போனது. ஒரு ஊர் தன் தெருவுக்கு விளக்கும் வடிகாலும் எப்படி வேண்டும் என்று முடிவு செய்கிறது. அந்த ‘ஊர்’ என்பதற்குள் யார் யார் இருக்கிறார்கள்?

முதலில் இந்த ஊர்க்காரர் ஒருவரிடமிருந்து ஆரம்பிக்கிறேன்.

ஓசூருக்குப் பக்கத்தில் தொரப்பள்ளி. அங்கே முன்சீப்பாக இருந்தவரின் மகன் 1878-ல் பிறந்தார். ஓசூர் அரசுப் பள்ளியில் படித்தார், பெங்களூருக்குப் போய்க் கல்லூரி முடித்தார், சட்டம் படித்து சேலத்தில் வக்கீலானார். ராஜாஜி. முதலமைச்சர், கவர்னர் ஜெனரல் என்றெல்லாம் நாம் பாடப்புத்தகத்தில் படித்தவர், பொதுவாழ்வில் முதலில் ஏறிய படி சேலம் நகராட்சி. 1911-ல் உறுப்பினர். 1917 முதல் 1919 வரை தலைவர்.

அந்தக் காலத்து நகராட்சி எப்படி இருந்தது என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். உள்ளூர்க் காரியங்களை உள்ளூர்க்காரர்களிடம் கொடுத்துப் பழக்கலாம் என்று ரிப்பன் பிரபு 1882-ல் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். அதைத் தொடர்ந்து 1884-ல் சென்னை மாகாணத்தில் நகராட்சிகளுக்கு ஒரு சட்டம், கிராமப் பகுதிகளுக்கு ஒரு சட்டம். ஓட்டு எல்லோருக்கும் இல்லை. வரி கட்டுகிறவர்களுக்குத்தான். வீடு, நிலம், தொழில் என்று எதுவும் இல்லாதவர் அந்தக் கணக்கில் ஊர்க்காரரே இல்லை.

அப்படிப்பட்ட மன்றத்துக்குத் தலைவராக வந்த ராஜாஜி ஒரு சின்ன நிர்வாக உத்தரவு போட்டார். அக்ரஹாரத்துக்குக் குழாயில் தண்ணீர் திறந்துவிடும் வேலைக்குத் தீண்டாமைக்கு ஆளான சமூகத்தைச் சேர்ந்த ஒரு ஊழியரை அனுப்பினார். அக்ரஹாரம் கொதித்தது. தலைவரும் அதே அக்ரஹாரத்துச் சாதிதான். அவர் உத்தரவை மாற்றவில்லை. நாள் போகப் போக, தண்ணீர் வேண்டுமா ஆசாரம் வேண்டுமா என்ற கேள்விக்குத் தாகம் பதில் சொல்லிவிட்டது. அந்த நகராட்சிக்கு முதல் தலித் உறுப்பினர் வந்ததிலும் அவருக்குப் பங்கு உண்டு.

ராஜாஜியின் பிற்கால அரசியலில் எனக்கு ஒப்புதல் இல்லாத விஷயங்கள் நிறைய. குலக்கல்வி என்று பெயர் வாங்கிய 1953-ம் ஆண்டுத் திட்டம் வரை. அதனால்தான் இந்தக் குழாய்க் கதை எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. இது தனிமனிதப் பெருமையைப் பற்றியதே இல்லை. மன்றம் என்று ஒன்று இருந்தது, அதில் ஒரு தலைவர் இருந்தார், அவர் முடிவெடுத்தார், கோபப்பட்டவர்களுக்கு எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்று தெரிந்திருந்தது. குழாயைத் திறக்கிற கை யாருடையது என்பது அரசியல் கேள்வி என்று சேலம் நகராட்சி 1917-லேயே காட்டிவிட்டது.

இனி அவர் பிறந்த ஊர்ப் பக்கம் வருவோம்.

ஓசூர் நீண்ட காலம் சேலம் மாவட்டத்தின் மேட்டு ஓரம். 1792-ல் திப்பு பாராமகாலைக் கம்பெனியிடம் இழந்தபோதும் ஓசூர் மைசூர் பக்கமே இருந்தது. 1799-ல் திப்பு வீழ்ந்த பிறகுதான் சேலத்தோடு சேர்ந்தது. 1965-ல் தருமபுரி மாவட்டம் பிரிந்தபோது அதற்குள் போனது, 2004-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் பிரிந்தபோது இதற்குள் வந்தது. மாவட்டம் மூன்று மாறியும், பக்கத்துப் பெருநகரம் எப்போதும் பெங்களூர்தான். நாற்பது கிலோமீட்டர்.

1971-ல் தமிழ்நாடு அரசு சிப்காட்டைத் தொடங்கியது. பின்தங்கிய மாவட்டத்துக்கான சலுகை, பெங்களூரின் அருகாமை, குளிர்ந்த மேட்டு நிலம் எல்லாம் சேர்ந்து அதன் முதல் வளாகங்களில் ஒன்று ஓசூரில் அமைந்தது. 1980-ல் அசோக் லேலண்ட் வந்தது. அதே ஆண்டு டி.வி.எஸ். 50 இங்கிருந்துதான் சாலைக்கு இறங்கியது. டாடா குழுமமும் டிட்கோவும் சேர்ந்து 1984-ல் தொடங்கிய டைட்டன், சில ஆண்டுகளில் இங்கே கைக்கடிகாரம் செய்தது. வெளியூர்களிலிருந்து ஐ.டி.ஐ. முடித்த பையன்கள் பஸ் பஸ்ஸாக வந்து இறங்கினார்கள். ராகி வயலில் வீடு முளைத்தது.

இப்போது இந்த ஆண்டுகளுக்குப் பக்கத்தில் இன்னொரு வரிசையை வைத்துப் பாருங்கள்.

தமிழ்நாட்டில் 1970-ஐ ஒட்டி நடந்த உள்ளாட்சித் தேர்தலுக்குப் பிறகு அடுத்தது 1986-ல். இடையில் பதினைந்து வருஷத்துக்கும் மேல். அதற்கடுத்தது 1996. அதாவது சிப்காட் வந்து, லேலண்ட் வந்து, மொபெட் ஓட ஆரம்பித்த காலத்தில் இந்த ஊர் மக்கள் உள்ளாட்சிக்கென்று ஒரு முறைகூட ஓட்டுப் போடவில்லை. 1992-ல் ஓசூர் நகராட்சி ஆனது. அது 1991-க்கும் 1996-க்கும் நடுவில், மன்றங்கள் காலாவதியாகித் தனி அலுவலர்கள் நடத்திய காலம். நகராட்சியாகப் பிறந்தபோதே ஊருக்கு மன்றம் கிடையாது.

இந்தக் கொடுமைக்கு முடிவுகட்டத்தான் 74-வது அரசியலமைப்புத் திருத்தம் வந்தது. 1993 ஜூன் 1 முதல் நடைமுறை. ஐந்து வருஷம் முடிவதற்குள் தேர்தல் நடத்தியே ஆக வேண்டும் என்று அரசியலமைப்பிலேயே எழுதிவிட்டார்கள். 1996, 2001, 2006, 2011 என்று ஒழுங்காகத்தான் நடந்தது. மத்திகிரி பேரூராட்சி, ஜூஜூவாடி, மூக்கண்டப்பள்ளி, ஆவலப்பள்ளி, சென்னத்தூர் எல்லாம் சேர்ந்து ஊரின் எல்லை சுமார் 72 சதுர கிலோமீட்டராக விரிந்தது. 2011 கணக்கெடுப்பின்படி பழைய எல்லைக்குள் 1,17,000 பேர் போல. சேர்க்கப்பட்ட பகுதிகளோடு அது சுமார் 2,45,000. ஊர் ஒரே தாவலில் இரண்டு மடங்கு.

2016 அக்டோபரில் அடுத்த தேர்தல் நடந்திருக்க வேண்டும். பழங்குடியினர் இடஒதுக்கீட்டு அறிவிப்பில் குறை என்று வழக்குப் போனது, உயர்நீதிமன்றம் தேர்தல் அறிவிப்பை ரத்து செய்தது. சில மாதத்தில் சரியாகிவிடும் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். நகர்ப்புறத் தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரி 19-ல். ஐந்து வருஷத்துக்கும் மேலான அந்த இடைவெளியில், 2019 பிப்ரவரியில், ஓசூர் மாநகராட்சி ஆனது. நகராட்சி ஆனபோது மன்றம் இல்லாத ஊர், மாநகராட்சி ஆனபோதும் மன்றம் இல்லாமல்தான் ஆனது.

மன்றம் இல்லாத காலத்தில் வேலை நின்றுவிடுமா? நிற்காது. அதுதான் விஷயமே. மன்றப் பொருள் என்று ஒன்று எழுதுவார்கள்: இன்ன தெருவுக்கு வடிகால், இன்ன தொகை, ‘மன்றத்தின் பார்வைக்கும் முடிவுக்கும் வைக்கப்படுகிறது’. அதன் கீழே தீர்மானம்: ‘அனுமதிக்கப்படுகிறது’. பொருளை வைப்பவர் ஆணையர். மன்றத்தின் இடத்தில் இருக்கும் தனி அலுவலரும் ஆணையரே. தாளின் மேலே கேட்பவரும் கீழே கொடுப்பவரும் ஒருவர். நல்ல அதிகாரியாக இருந்தால் நல்ல வடிகால் வரும், மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தாளில் ‘ஏன் இந்தத் தெரு, ஏன் அந்தத் தெரு இல்லை’ என்று கேட்க ஒரு குரல்கூட இருக்காது.

கவுன்சிலர் இருந்தால் மட்டும் என்ன கிழித்துவிடுவார் என்று நீங்கள் கேட்கலாம். என் நண்பர்கள் எல்லோரும் கேட்கிறார்கள். மாமன்றக் கூட்டத்தில் ‘ஆல் பாஸ்’ என்று ஒரு மேஜைத் தட்டலில் எத்தனை பொருள்கள் போகின்றன என்று எனக்கும் தெரியும். அதிகாரத்தின் அளவும் சின்னதுதான். ஓசூரின் 45 வார்டு உறுப்பினர்கள் 2022 மார்ச் 2-ல் பதவியேற்றார்கள், 4-ம் தேதி மேயரைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த மாதம் முடிவதற்குள் மாநில அரசு சொத்து வரியை உயர்த்தி ஆணை போட்டுவிட்டது. சென்னை அல்லாத நகரங்களில் 600 சதுர அடிக்குள் இருக்கும் வீட்டுக்கு 25 சதவீதம், 1,800-க்கு மேல் 100 சதவீதம். வரியை உயர்த்தினால்தான் மத்திய நிதிக்குழுவின் மானியம் என்ற நிபந்தனை அதற்கும் மேலே. புதுசாக நாற்காலியில் உட்கார்ந்தவர்கள், டெல்லியிலும் சென்னையிலும் முடிவானதற்கு ஓசூரில் தீர்மானம் போட வேண்டிய நிலை. வாடகைக்காரனுக்குச் சொத்து வரி கிடையாது என்று நான் நிம்மதியாக இருந்தேன். அடுத்த வாடகை உயர்வில் ஓனர் அந்த நிம்மதியைக் கழித்துக்கொண்டார்.

பெரிய விஷயங்கள் எதுவும் இந்த மன்றத்தின் கையில் இல்லை என்பதும் உண்மை. பெங்களூரின் கழிவைச் சுமந்துகொண்டு தென்பெண்ணை கெலவரப்பள்ளி அணைக்கு வருகிறது, மழைக்காலத்தில் வெள்ளை நுரை ஆள் உயரத்துக்கு நிற்கிறது. அதற்கு எந்த மன்றத் தீர்மானமும் போதாது, அது இரண்டு மாநிலங்களின் வழக்கு. குடிநீரும் அப்படித்தான். இந்த இரு மாவட்ட நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். அதற்காக ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம். 2008-ல் அடிக்கல் நட்டபோது கர்நாடகத்தில் எதிர்ப்பு கிளம்பித் திட்டம் தள்ளிப்போனது, 2013 மே மாதம் தண்ணீர் வந்தது. கீழே ஓடும் காவிரியை மேட்டுக்கு ஏற்றிக் கொண்டுவருகிறார்கள்.

ஆனால் ஏறி வந்த தண்ணீர் எந்தத் தொட்டியில் நிரம்பும், எந்தத் தெருவுக்கு எத்தனை நாளுக்கு ஒருமுறை, எவ்வளவு நேரம், புது இணைப்புக்கு என்ன டெபாசிட்? இது டோக்கியோவிலோ சென்னையிலோ முடிவாவதில்லை. இங்கேதான். கடைசியில் ஒரு வால்வு, அதைத் திறக்க ஒரு ஆள். சேலத்துக் கதை மறுபடியும் இதே இடத்துக்கு வந்து நிற்கிறது.

எல்லைக்கு அந்தப் பக்கம் வேறொரு வழியைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். எலெக்ட்ரானிக் சிட்டி 2013 முதல் ஒரு தொழில் நகரிய ஆணையத்தின் கீழ் இருக்கிறது. தொழில் நிறுவனங்களே சேவை தரும் இடங்களில் நகராட்சி அமைக்காமல் விடலாம் என்று அதே 74-வது திருத்தத்தில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. அதன்படி நிறுவனங்களின் பிரதிநிதிகளும் அதிகாரிகளும் நடத்தும் அமைப்பு அது. சாலை பளிச்சென்று இருக்கிறது, பொய் சொல்லவில்லை. “ஓசூருக்கும் இதே மாதிரி வந்தா நல்லா இருக்கும்ல” என்று ஷிப்ட் பஸ்ஸில் பேசிக்கொள்வார்கள். நானும் தலையாட்டியிருக்கிறேன். இப்போது ஆட்டுவதில்லை. அந்த ஏற்பாட்டில் சாலையைக் கூட்டுகிறவருக்குச் சாலையைப் பற்றிப் பேச நாற்காலி கிடையாது. வரி கட்டியவனுக்கே வாக்கு என்ற 1884 கணக்கு, ஏசி அறைக்குள் திரும்பி வந்த மாதிரி இருக்கிறது.

நம் பக்கம் நாற்காலி இருக்கிறது. ஆனால் யாருக்கு? உள்ளாட்சித் தேர்தலும் சட்டமன்ற வாக்காளர் பட்டியலை வைத்தே நடக்கிறது. சிப்காட்டைச் சுற்றி லைன் வீடுகளில் இருக்கும் ஒடிசா, பிகார், ஜார்க்கண்ட் ஆட்கள் அந்தப் பட்டியலில் இல்லை. கம்பெனி ஹாஸ்டல்களில் இருக்கும் பெண்கள் பெரும்பாலும் இல்லை. எட்டு வருஷமாக நானும் இல்லை. ஓட்டு இல்லாத தெருவுக்குக் கவுன்சிலர் ஏன் வரப்போகிறார்? வந்தவரைக் குறை சொல்லி, வராதவரையும் குறை சொல்லி, கேன் தண்ணி வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தோம்.

சட்டம் 1884-ஐ விட்டு எங்கேயோ வந்துவிட்டது. வயது வந்த எல்லோருக்கும் ஓட்டு, மன்றத்தில் பாதி இடம் பெண்களுக்கு. நான்தான் நின்ற இடத்தில் நின்றிருக்கிறேன். ஓட்டை ஊரில் வைத்துக்கொள்வது ஒரு பாசம். அப்பா பெயருக்குக் கீழே என் பெயர் இருக்கிற அந்தப் பட்டியல், ஊரில் எனக்கு மிச்சமிருக்கும் கடைசி இடம்.

போன வருஷம் படிவம் 8 நிரப்பினேன். முகவரி மாற்றம். அப்பாவிடம் போனில் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “சரி, அங்கதான பொழப்பு” என்றார்.

பக்கத்து லைன் வீட்டில் ஒடிசாப் பையன்கள் நாலு பேர். அவர்களிடமும் படிவத்தைப் பற்றிச் சொன்னேன். ஒருவன் சிரித்தான். ஊர்ப் பட்டியலில் பெயர் போனால் ரேஷன் போகுமோ என்று பயம். ரேஷனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் விளக்கினேன். நம்பினானா தெரியாது. 2022-ல் வந்த மன்றத்தின் ஐந்து வருஷம் 2027 மார்ச்சோடு முடிகிறது.

தெருக்குழாயில் தண்ணீர் வருகிற நாளில் அவன்தான் முதலில் எழுந்து எல்லா வீட்டுக் கதவையும் தட்டுவான். “பானி, பானி” என்று. அப்புறம் “தண்ணி, தண்ணி”. அப்புறம், கீழ்வீட்டு அம்மாவுக்காக, “நீளு”.