இரண்டு கேபிள், ஒரே பாதை: இணைப்புத் திரட்டின் வரலாறு

கொழும்பு–புத்தளம் ஏ3 வீதியில் இருக்கும் மதுரங்குளியில் ஒரு பாடசாலையை எடுத்துக்கொள்வோம். கணினி அறையில் ஒரு சுவிட்ச், அலுவலகத்தில் இன்னொன்று. வேகம் போதவில்லை என்று இரண்டுக்கும் நடுவே இன்னொரு கேபிளைச் செருகினால், சாதாரண சுவிட்ச்களில் வேகம் கூடாது. முழு வலையமைப்பும் படுத்துவிடும். எல்லாக் கணினிகளுக்குமாகக் கிளம்பும் ஒரு பிரேம், அதாவது தரவுப் பொதி, ஒரு கேபிளில் போய் மற்றதில் திரும்பும், மறுபடியும் போகும். ஈதர்நெட் பிரேமுக்கு ஆயுள் எல்லை கிடையாது. ஆகவே அந்தச் சுழற்சி தானாக ஓயாது.

இதற்கு முதல் மருந்து கண்டவர் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தின் ரேடியா பெர்ல்மன். 1985இல் அவர் வகுத்த ஸ்பானிங் ட்ரீ முறை, மிகையான பாதையை அடைத்துவைத்து, இருக்கும் பாதை அறுந்தால் மட்டும் திறந்துவிடும். சுழற்சி நின்றது. ஆனால் காசு கொடுத்து இழுத்த இரண்டாவது கேபிள் சும்மா கிடந்தது.

அந்தக் கேபிளுக்கும் வேலை கொடுக்கும் முயற்சியில் ஓர் இந்திய வம்சாவளியினருக்குப் பங்குண்டு. வினோத் பரத்வாஜும் லாரி பிளேரும் சிலிக்கன் பள்ளத்தாக்கில் தொடங்கிய கல்பனா நிறுவனம், ஏழு போர்ட் கொண்ட ஈதர்நெட் சுவிட்சை 1990 வாக்கில் சந்தைக்குக் கொண்டுவந்தது. பல இணைப்புகளை ஒன்றாகக் கட்டும் ஈதர்சேனலும் அங்கேதான் பிறந்தது. 1994இல் வலையமைப்புக் கருவி நிறுவனமான சிஸ்கோ கல்பனாவை வாங்கியது.

அதே ஆண்டு நாசாவின் கொடார்ட் மையத்தில் தாமஸ் ஸ்டெர்லிங்கும் டொனால்ட் பெக்கரும் 16 சாதாரணக் கணினிகளைச் சேர்த்து பேயோவுல்ஃப் என்ற தொகுதியை உருவாக்கினார்கள். வேகமான சுவிட்ச் வாங்குவது அன்று கட்டுப்படியாகாத செலவு. பெக்கர் லினக்ஸின் டிரைவர்களைத் திருத்தி, 10 மெகாபிட் ஈதர்நெட் இரண்டில் தரவைப் பங்கிட்டு அனுப்பினார். செலவைக் குறைக்கச் செய்த வேலை என்றாலும், லினக்ஸில் இன்றுவரை புழங்கும் பாண்டிங் முறைக்கு வேர் அதுதான்.

பிறகு வந்தது குழப்பம். சிஸ்கோவுக்கு ஒரு நெறிமுறை, போட்டி நிறுவனமான நோர்டெலுக்கு இன்னொன்று. ஒரு கம்பனியின் பெட்டி மற்றதோடு பேசாது. 2000இல் தரங்களை வகுக்கும் பொறியாளர் அமைப்பான ஐ.இ.இ.இ. வெளியிட்ட, இணைப்புத் திரட்டுக்கான 802.3ஏடி தரம் இதைத் தீர்த்தது. அதன் உயிர் எல்.ஏ.சி.பி. நெறிமுறை. இரு சுவிட்ச்களும் 30 விநாடிக்கு ஒரு முறையோ விநாடிக்கு ஒரு முறையோ தம்மைப் பற்றிய சிறு செய்தியை மாற்றிக்கொள்ளும். ஒத்துப்போகும் போர்ட்கள் மட்டுமே கட்டுக்குள் சேரும். மூன்று செய்தி தொடர்ந்து வராவிட்டால் அந்தக் கேபிள் விலக்கப்படும். இரு முனையும் பாசிவ் என்று காத்திருந்தால் கட்டு உருவாகவே உருவாகாது. ஒரு முனையாவது ஆக்டிவாக இருக்க வேண்டும். கேபிள்களைச் சேர்ப்பது பழைய வித்தை. இரு முனையும் பேசி ஒத்துக்கொள்வதே இந்த வரலாற்றின் உண்மையான சாதனை.

இரண்டு கேபிள் என்றால் எப்போதும் இரட்டை வேகம் என்ற மயக்கம் மட்டும் இன்னும் போகவில்லை. மதுரங்குளியைத் தொட்டுச் செல்லும் புத்தளம் ரயில் பாதைக்கு இரட்டைத் தண்டவாளம் போட்டாலும், ஒரே ரயிலின் பெட்டிகளைப் பிரித்து இரண்டிலும் ஓட்ட முடியாது. பிரேம்களின் வரிசை குலையக்கூடாது என்பதால் சுவிட்சும் முகவரிகளைக் கணக்கிட்டு ஓர் உரையாடலை ஒரே கேபிளில்தான் அனுப்பும். ஒரு கிகாபிட் கேபிள் இரண்டைக் கட்டினாலும், ஒரு கணினி ஒரு கோப்பை இறக்கும் வேகம் ஒரு கிகாபிட்டைத் தாண்டாது. பலர் ஒரே நேரத்தில் வேலை செய்யும்போதே பலன் தெரியும்.

2008இல் இந்தத் தரம் 802.1ஏஎக்ஸ் என்ற பெயருக்கு மாறியது. 2014 திருத்தம் கட்டின் ஒரு முனையை இரண்டு சுவிட்ச்களில் பிரித்து வைக்கவும் வழி செய்தது.

பாடசாலைக்கோ கடைக்கோ சுவிட்ச் வாங்குபவர்கள் எல்.ஏ.சி.பி. இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மலிவான, அமைப்புகளை மாற்ற முடியாத சுவிட்ச்களில் பெரும்பாலும் அது இருக்காது. இருந்தால், இரு முனையிலும் அமைப்பை முடித்த பிறகே இரண்டாவது கேபிளைச் செருகுங்கள்.